ஆனி ஒன்பது இல்லாத தெரு

ஆலஞ்சாத்தூரில் மற்றத் தெருக்களுக்கெல்லாம் வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாள், காளவாசல் தெருவுக்கு மட்டும் அதில் ஒன்று குறைவு. ஆனி மாதம் எட்டாம் தேதி சாப்பிட்டுக் கைகழுவி, அடுப்பை அணைத்து, பிள்ளைகளைத் தட்டிப் படுக்கவைத்துத் தாங்களும் படுத்தார்களானால், அவர்களுக்குக் கோழி கூவுவது பத்தாம் தேதியில்தான். ஒன்பதாம் தேதி தெருமுனைவரைக்கும் வரும், புளியமரத்தடியில் கொஞ்சம் நிற்கும், என்ன நினைக்குமோ, அப்படியே மேற்கே திரும்பித் தேரடிப் பக்கம் போய்விடும். இது சாபமா என்று அந்தத் தெருவில் யாரும் குறி கேட்டதில்லை. தண்ணீர் வராத குழாயைப் பற்றி எப்படிப் பேசுவார்களோ அப்படித்தான் அதைப் பற்றியும் பேசுவார்கள்.

ஆதியில் அந்தத் தெருவுக்கும் ஆனி ஒன்பது வந்துகொண்டுதான் இருந்தது. அது நின்றுபோன கதைக்குள் போக வேண்டுமென்றால் சுடலைவடிவு சுவாமிகளுக்கு நீராகாரம் கொடுத்த மத்தியானத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அந்தத் தெருவின் தொழில் சுண்ணாம்பு. ஓடையில் சுக்கான்கல் பொறுக்கி, காளவாசல் என்கிற சூளையில் கல் ஒரு அடுக்கு கரி ஒரு அடுக்கு என்று ஏற்றி, மூன்று நாள் விடாமல் எரித்து, வெந்த கல்லின்மேல் தண்ணீர் தெளித்தால் அது பெருமூச்சு விட்டு மாவாய் உதிரும். பெரிய கோயிலின் மதிலுக்கும் மண்டபத்துக்கும் மடப்பள்ளிக்கும், கர்ப்பக்கிரகத்தை ஒட்டிய உட்சுவர்வரைக்கும், பாட்டன் பூட்டன் காலந்தொட்டு அந்த மாவுதான் பூச்சு. ஆனால் சுண்ணாம்புக் கூடை கீழவாசல்வரைக்கும்தான் இவர்கள் தலையில் போகும், அங்கே வேறு தலைக்கு மாறிவிடும். வெந்த கல் உள்ளே போகும், அதோடு வெந்தவன் வெளியே நிற்பான் என்று ஒரு சொலவடையே அந்தத் தெருவில் உண்டு.

அப்போது மடத்துப் பட்டத்துக்குப் புதிதாய் வந்திருந்த சுவாமிகளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஒரு பங்குனி வெயிலில் செருப்பில்லாமல் தெருவுக்குள் நடந்து வந்தார். கூட ஆள் இல்லை, குடை இல்லை. மூன்றாவது வீட்டு வாசலில் நின்று, "அம்மா, குடிக்க ஏதாவது இருக்குமா?" என்றார். சுடலைவடிவுக்கு இருபத்து மூன்று வயது. கல்யாணமாகி ஒன்றரை வருஷம். புருஷன் மாடக்கண்ணு சூளையில் இருந்தான். அவள் ஒரு செம்பு நீராகாரம் கொண்டுவந்து கொடுத்தாள். சுவாமிகள் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை. செம்பில் வாய் வைத்துக் குடித்தார். குடித்துவிட்டு, "உப்பு கொஞ்சம் காணாது" என்றார். அந்த ஒரு சொல்லில் சுடலைவடிவு விழுந்தாள். தெய்வமென்று சொல்லி வந்தவர்கள் யாரும் அதுவரை அவள் வீட்டு உப்பைப் பற்றி அபிப்பிராயம் சொன்னதில்லை.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைதோறும் வந்தார். ஒரு வெள்ளிக்கிழமை தெரு முழுக்கக் கூடியிருக்கச் சொன்னார்: "ஆனி ஒன்பதாம் தேதி, சூரியன் உதிக்கையில, பெரிய கோயில் கீழவாசல் உங்களுக்குத் திறக்கும். நான் உங்க கூடவே உள்ள வருவேன்."

மாடக்கண்ணுவின் தங்கை பொன்னுக்கிளி வாயை அடக்கத் தெரியாதவள். சுவாமிகள் தெருவைத் தாண்டியதும் அண்ணியிடம் சொன்னாள்: "சாமிமாரு பேச்சு பந்தல் நெழலு மாதிரி மைனி. வெயிலு ஏற ஏற நவுந்துக்கிட்டே இருக்கும்."

"நீ சும்மா கெட. எம் பொறுப்பு" என்றாள் சுடலைவடிவு.

"எழுதித் தருவியா?"

"கைவாக்கே வாங்கித் தாரேன்."

கைவாக்கு என்பது அந்தத் தெருவின் பத்திரம். தண்ணீர் தெளித்து நீற்றின சுண்ணாம்பில் வலது கையை முக்கிச் சூளையின் வடக்குச் சுவரில் பதித்துவிட்டுப் போவார்கள். பதித்த உடனே ஒன்றும் தெரியாது. ஈரச் சுண்ணாம்பு தண்ணீர் மாதிரி, சுவரின் நிறத்திலேயே கிடக்கும். மெதுவாய்க் காயக் காயத்தான் வெளுக்கும், மூன்றாம் நாள் ஐந்து விரலும் பளீரென்று எழுந்து நிற்கும், அப்புறம் பத்து மழைக்கும் போகாது. மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு கையில் ஒன்றைக் காட்டியவனின் பதிவு மட்டும் உதிர்ந்துவிடும் என்பார்கள். உதிர்ந்தவர்கள் தெருவில் பெண் எடுக்க முடியாது.

சுவாமிகள் சிரித்துக்கொண்டே கையை முக்கினார். அந்தச் சந்தோஷத்தில் தெரு ஒரு தப்புச் செய்தது. சுண்ணாம்பில் பிறந்து சுண்ணாம்பில் நரைத்தவர்கள், கைக்குழந்தைக்கும் தெரிந்த ஒன்றை மறந்தார்கள். வடக்குச் சுவர் பழசு, கரி பிடித்தது, சுவாமிகளின் கைக்கு அழகாயிருக்காது என்று, அன்றைக்கு நெருப்பு நின்று எரிந்துகொண்டிருந்த புதுச் சூளையின் கிழக்குச் சுவருக்கு அவரை அழைத்துப்போனார்கள். சூடான சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது. பதித்த மாத்திரத்தில் பொரிந்து வெளுத்தது, எல்லாரும் குலவையிட்டார்கள். சாயங்காலம் சுடலைவடிவு மட்டும் தனியே போய்ப் பார்த்தபோது கை இருந்த இடத்தில் செங்கல் இருந்தது, கீழே ஒரு பிடி தூள் கிடந்தது. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். தூளை முந்தானையில் கூட்டியெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு தகர டப்பாவில் போட்டு மூடினாள். சுவர் சூடு, அதனால்தான், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கேட்டவர்களிடம், மழைக்குப் பயந்து ஓலை சாத்தி வைத்திருக்கிறேன் என்றாள். சொன்னபடி ஓலையும் சாத்தினாள்.

ஆனி எட்டும் வந்தது. தெரு முழுக்க வெளுத்த துணி கொடியில் காய்ந்தது. கீழவாசலுக்குக் கடைசிப் பூச்சுக்கு ஒரு கூடை குறைகிறது என்று மடத்திலிருந்து ஆள் வந்து சொல்ல, மாடக்கண்ணு தலையில் கூடையோடு புறப்பட்டான். "விடியக்காலம் அங்கனயே நின்னு எடம் புடிச்சு வைக்கேன். நீ எல்லாரையும் கூட்டிட்டு வந்துரு" என்றான். நூற்றுப் பன்னிரண்டு பேர் உள்ள தெரு சீக்கிரமே படுத்தது.

விடிந்ததும் எல்லாரும் குளித்துத் திருநீறு பூசி, தேங்காய் பழத்தட்டோடு, சிறுபிள்ளைகள் தோளிலும் பெரியவர்கள் கட்டைவண்டியிலுமாகக் கீழவாசலுக்குப் போனார்கள். வாசல் சாத்தியிருந்தது. எதிரே வாழைமரம் சாய்ந்து கிடந்தது, காகிதப்பூ மிதிபட்டுக் கிடந்தது, ஒரு ஆள் பந்தற்கால் பிடுங்கிக்கொண்டிருந்தான். காவற்காரர் இவர்களை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன, திரும்பியும் வந்துட்டிய?"

"இப்பத்தான வாறோம்" என்றாள் சுடலைவடிவு.

"வெளையாடுதியளா? நேத்துத்தான எல்லாரும் உள்ள வந்துட்டுப் போனிய. லாரி லாரியா வந்தியள்ளா. பந்தல்ல சோறு தின்னியள்ளா."

"நேத்து எட்டு."

"இன்னிக்குப் பத்தும்மா" என்றார் காவற்காரர். குரலில் கேலி இல்லை, அதுதான் அவளுக்குப் பயமாயிருந்தது.

கோயிலை ஒட்டிய மடத்து வாசலுக்குச் சுவாமிகள் வந்தார். அவர் கழுத்தில் நேற்றைய மாலையின் நார் இருந்தது. சுடலைவடிவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை, அவ்வளவு கனிவு. "நேத்து உங்களை எதிர்பார்த்தேனே அம்மா" என்றார். "பரவாயில்லை. ஆனி ஒன்பது இனிமே உங்க நாள். வருஷாவருஷம் அன்னைக்கு இந்த வாசல் உங்களுக்குத் திறக்கும். அடுத்த ஆனி ஒன்பதுக்கு வாங்க."

வீட்டுக்கு வந்து கடைக்காரர் கொடுத்த தினக்காலண்டரைப் பார்த்தார்கள். எட்டைக் கிழித்தால் அடியில் பத்து. அச்சுப்பிழை என்று அடுத்த வீட்டில் பார்த்தார்கள், அங்கேயும் எட்டுக்குக் கீழே பத்து. மேலத்தெரு டெய்லர் கடையில் மட்டும் ஒன்பது இருந்தது. அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பொன்னுக்கிளி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள், புளியமரத்தைத் தாண்டி எடுத்துப் பார்த்தால் வெறும் விரல்தான் இருந்தது. மாடக்கண்ணுவும் பத்தாம் தேதி காலையில்தான் வந்தான். "கூடைய எறக்கி வச்சுட்டு வாசலுக்கு வெளிய மண்டபத்துத் தூணுல சாஞ்சேன். முழிச்சா இன்னிக்கு" என்றான். அவனையும் சேர்த்து நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஒரே கதைதான் என்று தெரு நம்பியது.

பேப்பரில் படம் வந்தது. கீழவாசல் திறந்திருக்கிறது. புதுவேட்டி கட்டிய நிறைய முதுகுகள். நடுவில் சுவாமிகள். அவர் பக்கத்தில் ஒரு ஆள் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டபடி நிற்கிறான், முழங்கைகளுக்கு நடுவே முகம் மறைந்திருக்கிறது. அடியில், 'காளவாசல் தெரு மக்களுடன் ஆலயம் புகுந்தார் சுவாமிகள்' என்று எழுதியிருந்தது. லாரியில் வந்தவர்கள் எந்த ஊரோ. ஆனாலும் நல்ல மனுஷர்களாகத்தான் இருக்க வேண்டும், சோறு தின்ற இலையைத் தாங்களே எடுத்துப் போட்டார்களாம்.

அடுத்த வருஷம் எச்சரிக்கையாயிருந்தார்கள். எட்டாம் தேதி படுக்கவே கூடாது என்று கும்மியடித்துக்கொண்டே இருந்தார்கள். கும்மியில் கை தட்ட ஓங்கியது எட்டாம் தேதி, தட்டியது பத்தாம் தேதி. அதற்கடுத்த வருஷம் பாதிப்பேர் உறவுக்காரர்களின் ஊர்களுக்குப் போய்ப் படுத்தார்கள். விடிந்தால் அங்கேயும் பத்து. "நேத்து முழுக்க உங்கள எங்கெல்லாம் தேடுனோம், பாய் மட்டும் கெடந்துச்சு" என்று உறவுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். ஒன்பதாம் தேதி கடிதத்தோடு வந்த தபால்காரர் சொன்னார்: தெரு இருக்கிறது, வீடுகள் சாத்தியிருக்கின்றன, கூப்பிட்டால் ஏன் என்று கேட்க ஆளில்லை, சூளைப் புகை கம்பம் நட்டது போல அசையாமல் நிற்கிறது, அதில் ஒரு காக்காய் உட்கார்ந்திருந்தது.

பிறகு பழகிப்போனது. பழகாதது என்று ஒன்று உண்டா? ஆனி முதல் வாரம் சூளை ஏற்றினால் கல் வேகாமல் கிடந்தது, நெருப்புக்கும் அந்த நாள் கிடையாது என்று கண்டுகொண்டு, அந்த வாரம் ஓடைக்குக் கல் பொறுக்கப் போனார்கள். மண்டல விரதம் இருந்தவர்கள் நாற்பத்தெட்டுக்கு ஒன்று கூட்டி இருந்தார்கள். வாத்தியார் வருகைப் பதிவேட்டில் இந்தத் தெருப் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டத்தில் புள்ளியும் போடாமல் கோடும் போடாமல் விட்டுவிடுவார். சீக்காளிகள் ஆனி பிறந்தால் திடமானார்கள், எட்டைத் தாண்டிவிட்டால் ஒரு நாள் எமனுக்கே இங்கே வேலையில்லை என்று. பொன்னுக்கிளிக்கு ஒரு வருஷம் எட்டாம் தேதி பொழுதடைந்து வலி கண்டது, பத்தாம் தேதி கண் விழித்தபோது பக்கத்தில் குளிப்பாட்டிய குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தொப்புள்கொடி அறுத்தது யாரென்று தெரியாததால் அந்த மருத்துவச்சிக்கு வைத்த வெற்றிலை இன்றுவரை தட்டில்தான் இருக்கிறது. பிறப்புப் பதிய ஆபீசுக்குப் போனபோது எழுத்தர் கேட்டார்:

"எட்டா, பத்தா?"

"ரெண்டுக்கும் நடுவுலய்யா."

"நடுவுல ஒண்ணு இருக்குல்லா, ஒம்பது."

"அது எங்க தெருவுக்குக் கெடையாதுங்கய்யா" என்றாள் பொன்னுக்கிளி, ரேஷனில் பாமாயில் இல்லை என்பது போல. அந்தப் பிள்ளையை எட்டுப்பத்தான் என்றே கூப்பிட்டார்கள்.

வருஷம் ஏறஏற ஆனி ஒன்பது ஊருக்குப் பெரிய நாளாயிற்று. கீழவாசலில் கல்வெட்டு வைத்தார்கள். தினக்காலண்டரில் அந்தத் தேதிக்குக் கீழே, நல்ல நேரம் எமகண்டத்துக்கு நடுவே, 'ஆலஞ்சாத்தூர் ஆலயப் பிரவேச நாள்' என்று அச்சடித்தார்கள். பள்ளிக்கூடத்தில் வினாவிடையாகக் கேட்டார்கள், காளவாசல் தெருப் பிள்ளைகள் சரியாகப் பதில் சொல்லிப் பென்சில் வாங்கிவந்தார்கள். மற்ற நாளில் யாராவது வாசலில் போய் நின்றால் காவற்காரர் மாறினாலும் பதில் மாறவில்லை: "ஆனி ஒம்பதுக்கு வாங்க. அது உங்க நாள்ளா."

சுடலைவடிவை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எம் பொறுப்பு என்று அவள் சொன்னதை எல்லாரும் மறந்தது போலவே நடந்துகொண்டார்கள். அதுதான் அவளுக்குச் சோற்றில் கல்லாய் நெருடியது. ஒருநாளாவது தெருவைக் கீழவாசலுக்குள் நடத்திவிட்டால் போதும், சொல்லைக் காப்பாற்றிவிட்டுக் கண்ணை மூடிவிடலாம் என்று, டப்பாவின் மூடியைத் திறக்காமலே தடவித் தடவி வைப்பாள்.

இருபத்தைந்தாவது வருஷம் ஆனி ஏழில் மாடக்கண்ணுவின் வலது கையில் சுட்ட சுண்ணாம்பு தெறித்துக் கொப்புளித்தது. எட்டாம் தேதி காலையில் சுடலைவடிவுதான் அவனை உட்காரவைத்து முகம் வழித்துவிட்டாள். அன்றைக்கும் ஒவ்வொரு ஆனி எட்டையும் போல வயலுக்குக் காவல் என்று சொல்லிவிட்டு அவன் போனான். பத்தாம் தேதி காலையில் வந்தான். கையில் கட்டு இருந்ததால் அவளே சோறு பிசைந்து ஊட்டப் போனாள். ஊட்டும்போது புறங்கை அவன் தாடையில் உரசியது. தெருவில் எட்டாம் தேதி வழித்துக்கொண்ட ஆண்பிள்ளைக்கெல்லாம் அன்றைக்கு ஒரு நாள் மயிர்தான் முளைத்திருந்தது. அவள் தன் தம்பியின் முகத்தையும் பார்த்தாள், எதிர்வீட்டுக்காரரின் முகத்தையும் பார்த்தாள். புருஷன் தாடையில் இருந்தது இரண்டு நாள் தாடி.

அவள் கையிலிருந்த உருண்டையைத் தட்டிலேயே வைத்தாள்.

"எத்தன வருசமா?" என்றாள்.

மாடக்கண்ணு எதையோ சொல்ல வாயெடுத்தான். பிறகு தாடையைத் தடவிக்கொண்டான். "மொத வருசத்துலேர்ந்தே" என்றான்.

இருபத்தைந்து நாள் அவன் அவளைவிட அதிகமாய் வாழ்ந்திருந்தான். அவளுக்குத் தெரியாமல் ஏறக்குறைய ஒரு மாதம் மூத்திருந்தான்.

"அன்னைக்கு மண்டபத்துல சாமி வந்தாரு வடிவு. எந்தோள்ல கை வச்சாரு. எல்லாரும் வந்தா ரத்தம் விழும் மாடக்கண்ணு, மேலத்தெருக்காரங்க கம்போட நிக்காங்கன்னாரு. தெருவுக்காக ஒருத்தன் உள்ள வந்தாலும் தெருவே வந்த மாதிரிதான், நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லுன்னாரு."

"சொன்னிய."

"ஒரே ஒரு சரிதான் சொன்னேன்."

அவள் கேட்கக் கூடாது என்று நினைத்ததையே கேட்டாள். "உள்ள எப்படி இருந்துச்சு?"

"இருட்டா இருந்துச்சு. குளுந்து கெடந்துச்சு. சுவரு பூரா நம்ம சுண்ணாம்பு."

அவள் தெருவைக் கூட்டிச் சொன்னாள். கல்லெறிவார்கள், ஒதுக்கிவைப்பார்கள் என்று எதிர்பார்த்துத்தான் சொன்னாள். எதிர்வீட்டுக்காரர் மெல்லக் கேட்டார்: "அப்பம், கொடிமரம் எந்தப் பக்கம் மாப்ளே?" அவ்வளவுதான். அன்று சாயங்காலத்திலிருந்து மாடக்கண்ணு வீட்டு வாசலில் கூட்டம் கூடியது. அவன் கற்பூர வாசனையைச் சொன்னான், யாளியின் வாய்க்குள் உருளும் கல்லைச் சொன்னான், தீபாராதனையில் அம்மன் மூக்குத்தி இடப்பக்கம் ஒரு முறையும் வலப்பக்கம் ஒரு முறையும் மின்னுவதைச் சொன்னான். கிழவர்கள் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தன் தாத்தா சுட்ட சுண்ணாம்பு எந்தத் தூணுக்குப் போயிருக்கும் என்று ஒருத்தர் கேட்டார், அதற்கும் அவனிடம் பதில் இருந்தது. கேட்கக் கேட்க அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். மேடையில் தனக்கு ஒரு நாற்காலி உண்டென்றும், வருஷா வருஷம் பொன்னாடை போர்த்துவார்கள் என்றும், இருபத்தைந்தும் மடத்துப் பெட்டியில் பத்திரமாயிருக்கின்றன என்றும் ஒருநாள் வாய்தவறிச் சொன்னான். சுடலைவடிவு உள்ளே அடுப்படியில் உட்கார்ந்து அவ்வளவையும் கேட்டாள். அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, கொடிமரம்கூட. அதனாலேயே அவளுக்கு அழுகை வந்தது.

வழி சொன்னவள் பொன்னுக்கிளி. "அண்ணன் ஒருத்தருக்குத்தான் அந்த நாளுக்குள்ள போற வழி இருக்கு. கல்யாணத்துல முந்தானையும் வேட்டியும் சேத்து முடியுதோம்லா, அப்படி முடிஞ்சிட்டா அவரு இழுத்த இழுப்புல மைனியும் போயிரும். மைனிக்குப் பின்னால நானு. எனக்குப் பின்னால எட்டுப்பத்தான். தெருவே கோத்துக்கிட்டா?"

தெருவே சிரித்தது. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தது.

அடுத்த ஆனி ஒன்றாம் தேதி, மாடக்கண்ணு எல்லார் முன்னாலும் கையைச் சுண்ணாம்பில் முக்கினான். இந்தத் தடவை சுடலைவடிவு விடவில்லை, பழைய வடக்குச் சுவர், நெருப்பில்லாத சூளை, குளிர்ந்த செங்கல். "கூட்டிட்டுப் போறேன். ஒருத்தர விடாம" என்று அவன் கையைப் பதித்தான். குரல் தழுதழுத்தது. பொய் சொல்லுகிறவன் குரல் அப்படித் தழுதழுக்காது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் பார்த்தார்கள். வெளுக்கவில்லை. ஐந்தாம் நாளும் சுவர் ஈரமாய்த்தான் இருந்தது. அந்த வருஷம் மலைச்சாரல் முன்கூட்டியே இறங்கி ஊரெல்லாம் நசநசத்துக்கிடந்தது. "சாரல்லா, காய நாளெடுக்கும்" என்றார் எதிர்வீட்டுக்காரர். சுடலைவடிவும் அதைத்தான் சொன்னாள். சொல்லும்போதே எங்கேயோ முன்பு இதைச் சொன்னது போல அவளுக்கு நாக்கு இடறியது. அன்று சுவரின் சூடு என்றாள், இன்று வானத்தின் ஈரம் என்கிறாள். சுண்ணாம்பைப் பற்றி அவ்வளவு தெரிந்தவர்களுக்கு மனுஷன் மேல் பழி போடுவதற்குள் சுண்ணாம்பின் மேல் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

எட்டாம் தேதி விளக்கு வைக்கிற நேரத்தில் தெரு முழுக்கக் குளித்து, வெளுத்தது உடுத்தி, சூளைக்கு முன்னே பாய் விரித்து வரிசையாய் உட்கார்ந்தது. மாடக்கண்ணுவின் வேட்டி நுனியைத் தன் முந்தானையோடு சேர்த்துச் சுடலைவடிவு மூன்று முடிச்சுப் போட்டாள். அவளுடைய சேலையின் இன்னொரு முனையைப் பொன்னுக்கிளி, அவளை எட்டுப்பத்தான், அவனை எதிர்வீட்டுக்காரர், துண்டும் சேலையும் பாவாடையும் போர்வையுமாகத் தெரு ஒரே கயிறாய்த் திரிந்தது. கைக்குழந்தைகளைத் தூளித் துணியோடு முடிந்தார்கள். செத்துப்போன நாலைந்து கிழவர்களுக்காக அவர்களுடைய துண்டுகளை நடுநடுவே சேர்த்து முடிந்தார்கள்.

"ஏ அண்ணே, ஓட்டமா ஓடிராதீங்க. பின்னால நண்டுஞ்சிண்டும் வருது" என்றாள் பொன்னுக்கிளி.

"மொள்ளத்தான் போவேன்" என்றான் மாடக்கண்ணு. பிறகு சுடலைவடிவைப் பார்த்து, "முடிச்சு இறுக்கமா இருக்கு வடிவு" என்றான்.

"இருக்கட்டும்" என்றாள் அவள்.

விடிந்தது. கோழி கூவியது. தபால்காரர் சைக்கிள் தெருமுனையில் திரும்பி நின்றது. அவர் இவர்களைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். "இன்னிக்குப் பத்து" என்றார், யாரும் கேட்காமலே.

கயிறு எங்கேயும் அறுந்திருக்கவில்லை. நூற்றுச் சொச்சம் பேரும் முடிந்தபடியே உட்கார்ந்திருந்தார்கள். சுடலைவடிவு தன் முந்தானையைப் பிடித்துக்கொண்டே முன்னே பார்த்தாள். அவள் போட்ட மூன்று முடிச்சும் அப்படியே இருந்தன. முடிச்சுக்கு அந்தப் பக்கம் வேட்டி இருந்தது. வேட்டிக்குள் ஆள் இல்லை. அவன் அவிழ்த்தது முடிச்சை அல்ல, வேட்டியை.

யாரும் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் ஒருத்தரை ஒருத்தர் இழுக்க வேண்டியிருக்கும். சுடலைவடிவுதான் முதலில் முடிச்சை அவிழ்த்து, வேட்டியை உதறி மடித்துப் பாயில் வைத்தாள். வீட்டுக்குள் போனாள். தகர டப்பாவைக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் மூடியைத் திறந்தாள்.

"என்ன மைனி இது?"

"சாமியோட கைவாக்கு. அன்னைக்குச் சாயங்காலமே உதுந்துபோச்சு. நான் கூட்டியள்ளி வச்சுட்டேன்."

பொன்னுக்கிளி தூளைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "இருவத்தாறு வருசமாவா?" என்றாள். டப்பா கைமாறிக் கைமாறிக் கடைசி ஆள்வரைக்கும் போய், மூடாமலே திரும்பி வந்தது.

மத்தியானம் பேப்பர் வந்தது. முதல் பக்கத்தில் படம். நரைத்த தாடியோடு சுவாமிகள். பக்கத்து நாற்காலியில் சரிகைக்கரைப் பட்டுவேட்டியும் பொன்னாடையுமாக மாடக்கண்ணு. இருபத்தைந்து வருஷமாகத் தலைக்குமேல் தூக்கி முகத்தை மறைத்திருந்த கைகளை இறக்கி மடியில் வைத்திருந்தான். நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். நல்ல அம்சமாகத்தான் இருந்தான். சுடலைவடிவு படத்தின் தாடையை விரலால் தடவிப் பார்த்தாள், வழவழவென்று வழித்திருந்தார்கள்.

அன்று அவன் வரவில்லை. பதினொன்றாம் தேதியும் வரவில்லை. அவன் அந்த நாளுக்குள்ளேயே தங்கிவிட்டான் என்று தெரு சொல்லிக்கொண்டது. வருஷத்துக்கு ஒரு நாள் ஊருக்குள் இருக்கிறான், அன்றைக்குத் தெரு இருப்பதில்லை. தெரு இருக்கிற முந்நூற்று அறுபத்துநாலு நாளும் அவன் எங்கேயும் இல்லை. அதனால் சுடலைவடிவுக்குத் தாலி இறக்கவும் வழியில்லை, பொட்டு வைக்கவும் மனசில்லை. சுண்ணாம்பு சுடுகிறாள். கூடையை மட்டும் கீழவாசலுக்குத் தூக்கிப்போவதில்லை, வேண்டுமென்றால் அவர்கள் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று புளியமரத்தடியில் இறக்கிவிடுகிறாள். தெருவும் அப்படியே செய்கிறது. அதனாலோ என்னவோ, கோயில் மதில் ஓரங்களில் இப்போது கொஞ்சம் கொஞ்சமாய்ச் செங்கல் தெரிய ஆரம்பித்திருக்கிறது.

ஆனி பத்தாம் தேதிதோறும் காலையில் எழுந்ததும் அவள் முதல் வேலையாக வடக்குச் சுவருக்குப் போகிறாள். சாரல் இல்லாத வருஷங்களும் வந்துபோயின, மண் வெடித்த கோடையும் வந்துபோயிற்று. அவன் கை பதித்த இடத்தைக் கண் காட்டாது, விரல்தான் கண்டுபிடிக்கும். சுட்டுவிரலால் தொடுகிறாள். இன்னமும் ஈரமாயிருக்கிறது. வெயிலுக்கு நேராக விரலைப் பிடித்துக்கொண்டு, வெளுக்கிறவரைக்கும் நிற்கிறாள். விரல் வெளுக்கிறது.